அப்பாவின் சட்டைப் பாக்கெட்டை வெட்டி எறியாதீர்கள்

வாசகர் கேள்வி – தையல் பதில்

சென்ற மாதம் சின்னதாகிப்போன பட்டுப்பாவாடையை நீளமாக்குவது பற்றி எழுதியிருந்தேன். என் அப்பாவின் பழைய லுங்கியில் தையல் மெஷினுக்கு ஓர் உறை தைத்து வைத்திருப்பதாகவும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பாவாடையைப் பற்றி இரண்டே கடிதம். மற்ற கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்கு வந்தவை. படிக்கப் படிக்க மனசு கனத்துவிட்டது. ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

*

அக்கா, என் அப்பா போன ஆடியில் தவறிவிட்டார். முப்பது வருடம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். பீரோவில் பதினொரு சட்டை இருக்கிறது. யாருக்கும் கொடுக்க அம்மாவுக்கு மனசில்லை. அம்மாவுக்கும் எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சின்னத் தலையணை தைக்கலாம் என்று நினைக்கிறேன். மெஷின் தைக்கத் தெரியும். ஆனால் கத்தரியை எடுத்தாலே கை நடுங்குகிறது.
— வாசகி, ஆம்பூர்

கை நடுங்கும்போது வெட்டாதீர்கள் அம்மா. ஆடி முடிந்து எத்தனை மாதம் ஆகியிருக்கும்? துணி எங்கேயும் போய்விடாது. நான் என் அப்பா லுங்கியில் கத்தரி வைக்க இரண்டு வருடம் ஆனது.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருக்கும்போது பதினொரு சட்டையையும் பாயில் பரப்பிவையுங்கள். எந்தச் சட்டை யாருக்கு என்பதை அப்போதே பேசி முடியுங்கள். இதைச் செய்யாமல் வெட்டி, பிறகு அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றுபோன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். "அந்த நீலக்கோடு போட்ட சட்டை என் கல்யாணத்துக்கு அப்பா போட்டது, அதை எப்படி வெட்டலாம்?" என்று அண்ணன் கேட்டார். தங்கைக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டாள்.

பரப்பியதும் ஒவ்வொன்றாக எடுத்து நன்றாகப் பாருங்கள். எந்தத் துணியிலும் அந்த ஆள் குடியிருக்கும் இடம் என்று ஒன்று இருக்கும். என் அப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். சில்லறையை எப்போதும் இடது இடுப்பில் லுங்கியிலேயே முடிந்துவைப்பார். அவர் லுங்கி எல்லாவற்றிலும் அந்த ஓர் இடத்தில் மட்டும் கட்டம் வெளுத்து, இழை தளர்ந்திருக்கும். மெஷின் உறையில் அந்த இடம் முன்பக்கம் வரும்படி வைத்துத்தான் வெட்டினேன். உங்கள் அப்பா சட்டையில் அது பாக்கெட்டாக இருக்கலாம். பேனா கிளிப் மாட்டி மாட்டி விளிம்பு நைந்திருக்கும், மைக்கறை இருக்கும். காலர் மடிப்பாக இருக்கலாம், எப்போதும் மடித்துவிட்ட கையாக இருக்கலாம். அம்மா என்றோ வேறு நிற நூலில் தைத்துக்கொடுத்த பட்டனாகக்கூட இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் எங்கே வெட்ட வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். நல்ல துணியைத் தேடி முதுகுப் பக்கத்தை வெட்டிக்கொண்டு பாக்கெட்டைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கையில் மிஞ்சுவது வெறும் துணிதான்.

தோல் வாசம் இன்னும் போகவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். வாசத்தைத் தைத்து வைக்க முடியாது. ஒரே ஒரு சட்டையைத் துவைக்காமல், காற்றுப் புகாமல் மூடும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். திறக்கத் திறக்க வாசம் குறையும், அதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மற்றப் பத்தையும் துவைத்துவிட வேண்டும். வியர்வை ஏறிய துணியைப் பூச்சி தேடி வரும், இழையும் சீக்கிரம் இற்றுப்போகும்.

இனி வேலைக்கு வருவோம். 14 இஞ்ச் சதுரத் தலையணை தையுங்கள். அதைவிடப் பெரிதாகப் போனால் கைக்குழி இடிக்கும், பாக்கெட் இருக்கும் உயரத்தில் அகலம் போதாது. செய்தித்தாளில் 15 இஞ்ச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள், சுற்றிலும் அரை இஞ்ச் தையலுக்கு. சட்டையின் பட்டன்களைப் போட்டு, முன்பக்கத்தை மட்டும் பிரித்து எடுத்து, பாக்கெட் முழுதாக உள்ளே வரும்படி காகிதத்தை வைத்துக் குண்டூசி குத்துங்கள். தையல் விழும் கோட்டிலிருந்து பட்டன் ஒரு இஞ்சாவது தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி பட்டனில் மோதி உடையும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. பட்டன் பட்டை இரண்டு முனையிலும் விலகாமல் இருக்க, வெட்டிய உடனே ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். முதுகுப் பக்கத்தில் இன்னொரு 15 இஞ்ச் சதுரம். இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்து நாலு பக்கமும் அடித்துவிடலாம், வாய் விட வேண்டியதே இல்லை. பட்டனைக் கழற்றித் திருப்பினால் உறை தயார். தனியாக ஜிப் வைக்கும் வேலை கிடையாது.

உள்ளே காடாத் துணியில் ஒரு பை தைத்து இலவம் பஞ்சை அதில் அடையுங்கள். பஞ்சை நேராகச் சட்டை உறைக்குள் அடைத்தால் துவைக்க வழியில்லை. 14ஆம் நம்பர் ஊசி, பருத்தி நூல் போதும். துணி பழசு, நூல் அதைவிடப் பலமாக இருந்தால் துணியைத்தான் அறுக்கும்.

காலரையும் கைப்பட்டியையும் எறியாதீர்கள். மிச்சத்துக்கு என்ன செய்யலாம் என்பது கீழே வாலாஜாப்பேட்டைத் தம்பிக்கு எழுதிய பதிலில் இருக்கிறது.

*

என் அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவை, ஆரணிப் பட்டு, 1974இல் எடுத்தது. பிரித்தால் மடிப்பு மடிப்பாகக் கிழிகிறது. பேத்திக்குப் பாவாடை தைக்க முடியுமா? பழைய பட்டு வாங்குகிறவர் நல்ல விலை சொல்கிறார், கொடுத்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
— வாசகி, சென்னை (பிறந்த ஊர் ஆரணி)

1974 என்றால் ஆரணி நம்ம வடாற்காடு மாவட்டத்திலேயே இருந்த காலம். 1989இல்தான் மாவட்டத்தைப் பிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் கல்யாணம் என்றால் ஆரணிக்குத்தான் போவோம்.

பட்டு ஏன் மடிப்பில் கிழிகிறது என்று தெரிந்துகொண்டால் என்ன செய்யலாம் என்பதும் புரியும். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் வைத்திருந்தால் அந்தக் கோட்டில் இழை முறிந்துபோகும். ஜரிகை வரும் இடத்தில் உலோகம் விறைப்பாக இருப்பதால் இன்னும் சீக்கிரம் முறியும். முறிந்த பட்டு பாவாடைக்குத் தாங்காது. குழந்தை ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் போச்சு. அதனால் உடல் துணியில் பாவாடை வேண்டாம். பார்டர் நன்றாக இருந்தால் அதை மட்டும் எடுத்துப் புதுப் பட்டில் வைத்துத் தைத்துப் பாவாடை ஆக்கலாம். அதற்கு முன் ஒரு சோதனை. பார்டரை இரண்டு கட்டைவிரல்களுக்கு இடையே பிடித்து நீளத்திலும் அகலத்திலும் மெதுவாக இழுங்கள். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகி ஓட்டையாகத் தெரிந்தால் அதையும் உடுப்பில் சேர்க்க வேண்டாம், சுவரில் மாட்டுகிற படமாக ஆக்குங்கள்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து வருடம் முன்பு ஒரு அம்மா இதேபோல ஒரு புடவை கொண்டுவந்தார். பின்னால் பலம் கொடுக்கலாம் என்று, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸை முந்தானையில் வைத்துத் தேய்த்தேன். சட்டைக் காலருக்கு வைக்கிற சூடு. பட்டு சுருங்கியது, பசை மேலே கசிந்து கறையாகிவிட்டது. அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, சுருங்கிய முந்தானையை மடித்து வாங்கிக்கொண்டு போனார். அது இன்னும் என் மனசில் கிடக்கிறது. பழைய பட்டுக்குப் பசையும் சூடும் ஆகாது. மெல்லிய மல் துணியைத் துவைத்துச் சுருக்கம் எடுத்து, பட்டுக்கு அடியில் விரித்து, மெல்லிய ஊசியால் கையாலேயே ஓட்டுத் தையல் போடுங்கள். மல் துணி பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், பட்டு அதன் மேல் சும்மா படுத்திருக்கும்.

முந்தானையில் ஒரு முழம் எடுத்து இப்படி மல் துணியில் தைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டால், ஆரணி நெசவும் இருக்கும், அம்மாவும் இருப்பார். தாலிச்சரடு, பழைய கல்யாணப் பத்திரிகை வைக்கிற சின்னச் சுருக்குப்பையும் தைக்கலாம். அம்மாவின் பழைய ரவிக்கை கிடைத்தால் விடாதீர்கள். அதன் அளவும் அக்குளில் பிரித்துவிட்ட தையலும் அம்மா எந்த வயதில் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லும்.

பழைய பட்டு வாங்குகிறவர் விலை கொடுப்பது ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக. துணியை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். உங்கள் வீட்டுப் பணத்தேவை எனக்குத் தெரியாது, தேவை இருந்தால் கொடுப்பதில் தப்பில்லை. கொடுப்பதற்கு முன் முந்தானையில் ஒரு முழத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

*

இறந்தவர் துணியை வீட்டில் வைத்தால் ஆகாது என்கிறார் என் மாமியார். என் அம்மாவின் நூல் புடவைகளில் குழந்தைக்கு ஏதாவது தைக்க ஆசை. என்ன செய்வது?
— வாசகி, திருப்பத்தூர்

மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். கடைசியாக உடுத்திய துணியையும் படுக்கைத் துணியையும் வைத்துக்கொள்ளாத வழக்கம் நம் பக்கம் உண்டு, அதை மதித்துவிடுங்கள். அவர் பயப்படுவது அந்தத் துணியைப் பற்றியா, எல்லாத் துணியையும் பற்றியா என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் முதல்தான்.

ஏனென்றால் இதே நம் ஊரில்தான் பெரியவர்களின் பழந்துணியைக் குழந்தைக்கு முதலில் போடுகிறோம். தாத்தாவின் வேட்டியைக் கிழித்துப் பிறந்த பிள்ளைக்குத் துணி போடுவது, ஆயாவின் புடவையில் ஏணை கட்டுவது எல்லாம் இன்றும் நடக்கிறது. துவைத்துத் துவைத்து மென்மையான துணிதான் பிள்ளையின் தோலுக்கு ஆகும் என்பது ஒரு காரணம். என் ஆயா இறந்து எட்டு மாதம் கழித்து என் மகள் பிறந்தாள். ஆயாவின் பச்சைச் சுங்குடிப் புடவையில்தான் அவளுக்கு ஏணை கட்டினோம். கட்டியது யார் தெரியுமா? துணியை வைக்கக்கூடாது என்று முதலில் சொன்ன என் பெரியம்மாதான்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் போகட்டும். "அத்தை, அம்மா புடவையில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று ஒருநாள் கேளுங்கள். அவர் கையால் எடுத்துக்கொடுக்கும் புடவையில் தையுங்கள். அவர் அப்போதும் வேண்டாம் என்றால், தைத்ததை உங்கள் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ வைத்துக்கொள்ளலாம்.

*

அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவருடைய யூனிஃபார்ம் இரண்டு செட், மெடல்கள், பெல்ட் இருக்கின்றன. பையாகத் தைத்துத் தரச் சொல்லி என் மகன் கேட்கிறான்.
— வாசகர், கம்மவான்பேட்டை

ராணுவப்பேட்டை என்று பெயரெடுத்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை ஐயா. யூனிஃபார்மில் பை தைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். அவர் அதை எப்படி மடித்துவைத்தார், எப்படி இஸ்திரி போட்டார் என்று உங்களுக்கே தெரியும். ஒரு செட்டை முழுதாக வையுங்கள்.

இன்னொன்றிலிருந்து பெயர்ப்பட்டையும் இடது பாக்கெட்டும் சேர்ந்த பகுதியை எடுத்து ஆழமான கண்ணாடிச் சட்டத்தில் வைக்கலாம். பலகை மேல் துவைத்த காடாத் துணியை இழுத்துக் கட்டி, அதில் கையால் தைத்து நிறுத்துங்கள். பசை போட வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகித் துணி விறைத்துப்போகும். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே அரை இஞ்ச் இடைவெளி வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். மெடல் ரிப்பனின் நிறம்தான் முதலில் வெளுக்கும். பித்தளைப் பட்டனைத் துலக்குவதாக இருந்தால் அட்டையில் ஒரு பிளவு வெட்டிப் பட்டனுக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள், பாலிஷ் துணியில் படாது. மெடலை மட்டும் துலக்கவே வேண்டாம்.

மகன் ஆசைப்படுகிறான் என்பதையும் விட்டுவிட மனசில்லை. அப்பாவின் சாதாரணச் சட்டை ஏதாவது ஒன்றில் அவனுக்குப் பை தைத்துக்கொடுங்கள், பாக்கெட்டை வெளிப்பக்கம் வைத்து.

*

தாத்தாவின் சட்டை எட்டு, லுங்கி மூன்று இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போர்வை தைக்க வேண்டும். மூன்று டெய்லரிடம் கேட்டுவிட்டேன், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நானே தைக்கலாமா? எனக்குப் பட்டன் தைக்க மட்டும்தான் தெரியும்.
— வாசகர், வாலாஜாப்பேட்டை

தைக்கலாம் தம்பி. டெய்லர்கள் மேல் கோபப்படாதீர்கள். பழந்துணி எந்த இடத்தில் கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது, கிழிந்தால் பழி அவர்கள் தலையில் விழும். ஒரு போர்வைக்கு ஆகும் நேரத்தில் இருபது ஜாக்கெட் தைத்துவிடுவார்கள். அந்தக் கூலியைக் கேட்க அவர்களுக்கும் கூச்சம்.

கணக்கு இதுதான். ஒற்றைக் கட்டில் போர்வை 60க்கு 90 இஞ்ச். துணியை ஆறரை இஞ்ச் சதுரங்களாக வெட்டி, கால் இஞ்ச் தையல் விட்டுச் சேர்த்தால் ஒவ்வொன்றும் 6 இஞ்சாக நிற்கும். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 15, ஆக 150 சதுரம். ஒரு முழுக்கைச் சட்டையில் பதினைந்துக்குக் குறையாமல் கிடைக்கும். எட்டுச் சட்டைக்கு 120, மீதி 30ஐ ஒரு லுங்கியில் எடுங்கள். மற்ற இரண்டு லுங்கியையும் மூட்டுத் தையல் பிரித்து, நீளப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்தால் அடித்துணி ஆயிற்று. இரண்டு மீட்டர் லுங்கியாக இருந்தால் தாராளமாகப் போதும்.

நடுவில் என்ன வைப்பது என்பதில் நம் ஊர் வெயிலை மறக்காதீர்கள். பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு வைத்தால் வேலூர்ப் பக்கத்தில் பத்து மாதம் அதைப் போர்த்த முடியாது. தாத்தாவின் பழைய வேட்டி இருந்தால் இரண்டு மடிப்பாக வையுங்கள். அவ்வளவு போதும்.

சதுரத்தை நேர் இழையில் வெட்டுங்கள், குறுக்கே வெட்டினால் இழுத்துக்கொண்டு கோணலாகும். அட்டையில் ஓர் அளவு வெட்டி வைத்துக்கொண்டு அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். பனியன் துணி ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் அதற்கு மட்டும் நான் மேலே திட்டிய அந்த ஒட்டும் கேன்வாஸ் வேண்டும். பருத்திப் பனியனுக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது, வெட்டும்போது சுருண்டுகொள்ளாது. வேலூர் லாங்கு பஜாரில் தையல் சாமான் கடைகளில் கேளுங்கள்.

முதலில் பத்துப் பத்தாகக் கோத்து வரிசையாக்குங்கள், பிறகு வரிசைகளைச் சேருங்கள். மெஷின் வீட்டில் இருந்தால் இந்த வேலை ஒரு வாரம். இல்லாவிட்டால் பட்டன் தைக்கிற அதே கை போதும், இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்று அடுக்கையும் தரையில் விரித்துப் பெரிய தையலாக இழைத்து நிறுத்திவிட்டு, சதுரங்களின் ஓரமாகக் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். தையல் கோணலாக வந்தால் பிரிக்காதீர்கள். பழந்துணியில் ஒரே இடத்தில் இரண்டு முறை ஊசி போனால் ஓட்டை நிற்கும்.

ஆம்பூர் அம்மாவுக்குச் சொன்ன மிச்சம் இதுதான்: காலரைப் பிரிக்காமல் அப்படியே ஓரத்துச் சதுரம் ஒன்றின் மேல் வைத்துத் தைக்கலாம். பேரப்பிள்ளைகள் போர்வையில் அதைத்தான் முதலில் தேடுவார்கள். பட்டன்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

*

என் குழந்தை மூன்று நாள்தான் இருந்தான். ஒரு ஜபலாவும் ஒரு தொப்பியும் மட்டும் இருக்கிறது. பொம்மையாகத் தைத்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார்.
— வாசகி, சத்துவாச்சாரி

வெட்டாதீர்கள் தங்கச்சி. அவ்வளவு சின்னத் துணியில் தையலுக்கு விட இடமில்லை. அது முழுதாக இருக்கட்டும்.

நீங்கள் அந்த மூன்று நாளில் கட்டியிருந்த புடவையோ நைட்டியோ இருந்தால் அதில் தைக்கலாம். 10 இஞ்ச் நீளம், 8 இஞ்ச் அகலத்தில் ஒரு பை, உள்ளே வெள்ளை மல் துணி லைனிங். புது மல்லாக இருந்தால் கஞ்சி போக இரண்டு தரம் அலசிவிடுங்கள், கஞ்சிக்குப் பூச்சி வரும். ஊக்கு, ஜிப் வேண்டாம், துருப்பிடித்துக் கறையாகும். துணியிலேயே நாடா தைத்து முடிச்சுப் போடுங்கள். ஜபலாவைத் துவைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அதில் யார் பேச்சும் கேட்க வேண்டியதில்லை. வசம்பு ஒரு துண்டைத் தனித் துணியில் முடிந்து பைக்கு வெளியே, பீரோவில் பக்கத்தில் வையுங்கள். ரசக்கற்பூர உருண்டையைப் பைக்குள் போடாதீர்கள்.

வருடத்தில் இரண்டு முறை வெளியே எடுத்து நிழலில் கொஞ்ச நேரம் விரித்துவைத்து, போன முறை மடித்த கோட்டில் மடிக்காமல் வேறு மாதிரி மடித்து உள்ளே வையுங்கள். பை தைக்க இப்போது முடியாது என்று தோன்றினால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். நான் தைத்துத் தருகிறேன். ஜபலாவை அனுப்ப வேண்டாம், உங்கள் புடவையில் ஒரு முழம் மட்டும் போதும்.